அரை மாத்திரையும் ராத்திரி மூச்சும்

கல்லிடைக்குறிச்சியில் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம். முந்தின ராத்திரி பந்தி முடிந்து, ஆண்களெல்லாம் மாடியில் வரிசையாகப் பாய் விரித்துப் படுத்தோம். எனக்கு அடுத்த பாயில் பெரியப்பா. முக்கூடலில் ஒரு பீடிக் கம்பெனியில் கணக்குப் பார்த்து ஓய்வு பெற்றவர். 66 வயது, நல்ல பருத்த கழுத்து. படுக்கும்முன் சட்டைப் பையிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்து, ஒன்றை இரண்டாக உடைத்து, பாதியை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தார்.

"எலே, இது இல்லாட்டி எனக்கு ஒரு பொட்டுத் தூக்கம் கெடையாது பாத்துக்கோ" என்றார். 9 வருடமாக அந்த அரை மாத்திரை. அல்பிரசோலம்.

கொஞ்ச நேரத்தில் குறட்டை தொடங்கியது. வயக்காட்டுக் கிணற்றில் மோட்டார் ஓடுகிற மாதிரி ஒரே சீரான சத்தம். அப்புறம் திடீரென்று நின்றது. அப்பாடா என்று புரண்டு படுத்தேன். ஆனால் குறட்டையோடு மூச்சும் நின்றிருந்தது. நெஞ்சும் வயிறும் எக்கி எக்கி ஏறி இறங்குகின்றன, மூக்கிலும் வாயிலும் காற்றே இல்லை. செல்போனைப் பார்த்து எண்ணினேன். 22 விநாடி. பிறகு 'ஹக்' என்று ஒரு பெரிய சத்தம், தாமிரபரணியில் முங்கிக் கிடந்தவர் தலையைத் தூக்கி மூச்சு வாங்குவதுபோல. மறுபடி மோட்டார், மறுபடி நிறுத்தம். அடுத்த நிறுத்தம் 31 விநாடி. ஒரு மணி நேரம் எண்ணிவிட்டு, பயத்தில் எழுந்து உட்கார்ந்துவிட்டேன்.

காலையில் "நல்லாத் தூங்கினேன்டே" என்றார் பெரியப்பா. முகூர்த்த நேரத்தில் நாற்காலியில் தலை சாய்ந்து உறங்கிக்கொண்டிருந்தார்.

நம் பக்கம் வயதானவர்கள் இருக்கிற வீடுகளில் இப்படி ஓர் அரை மாத்திரை இருப்பது சாதாரணம். அது தூக்கத்தை என்ன செய்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும். மூச்சை என்ன செய்கிறது என்பதைத்தான் யாரும் கேட்பதில்லை. கேட்க வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

விழித்திருக்கும்போது ஒரு நிமிடத்துக்கு 12 முதல் 20 தடவை மூச்சு விடுகிறோம். நினைத்தால் அடக்கலாம், வேகமாக விடலாம். தூங்கியபின் அந்த உரிமை நம்மிடம் இல்லை. மூளையின் அடித்தண்டில் இருக்கும் முகுளம் முழுப் பொறுப்பையும் எடுத்துக்கொள்கிறது. ரத்தத்தில் கரியமில வாயு எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று அது பார்த்துக்கொண்டே இருக்கும். கூடினால் மூச்சை முடுக்கும், குறைந்தால் தளர்த்தும். தூக்கத்தில் இந்தக் கணக்கு கொஞ்சம் மந்தமாவது இயல்பு. நல்ல உடம்புள்ளவருக்கும் தூங்கும்போது கரியமில வாயு சற்றுக் கூடத்தான் செய்யும். அதனால் கெடுதல் இல்லை.

இன்னொன்றும் நடக்கிறது. தொண்டைக்குழாய்க்கு எலும்புச் சுவர் கிடையாது. சுற்றியுள்ள தசைகள்தான் அதைத் திறந்து வைத்திருக்கின்றன. நாக்கை முன்னால் இழுத்துப் பிடித்திருக்கும் தசை அதில் முக்கியமானது. தூங்கியதும் இந்தத் தசைகள் தளரும், கனவு காணும் நேரத்தில் இன்னும் தளரும். மல்லாந்து படுத்திருந்தால் நாக்கு பின்னால் சரியும். குறுகிய வழியில் காற்று உரசிப் போகிற சத்தம்தான் குறட்டை. வழி முழுவதும் அடைபட்டு 10 விநாடிக்கு மேல் காற்று போகாமல் நின்றால் அதை மூச்சுத்தடை என்று மருத்துவர்கள் கணக்கிடுவார்கள். முழுவதும் நிற்பதையும் பாதி குறைவதையும் சேர்த்து, மணிக்கு 5 தடவைக்குக் கீழே இருந்தால் சாதாரணம். 15-ஐத் தாண்டினால் நடுத்தரம், 30-ஐத் தாண்டினால் கடுமை.

அடைபட்ட தொண்டை எப்படித் திறக்கிறது? கரியமில வாயு ஏறி, ஆக்சிஜன் இறங்கி, நெஞ்சு எக்கி இழுக்க இழுக்க, ஒரு கட்டத்தில் மூளை தன்னைத்தானே எழுப்பிவிடுகிறது. சில விநாடி விழிப்புத்தான், காலையில் ஞாபகம்கூட இருக்காது. அந்தச் சில விநாடியில் தொண்டைத் தசைகள் இறுகி வழி திறக்கும். பெரியப்பாவின் 'ஹக்' அதுதான். களக்காடு, பாபநாசம் பக்கம் மலையடிவாரத்து விளைகளில் காட்டுப்பன்றி இறங்காமல் இருக்கப் பரண் கட்டிக் காவல் இருப்பார்கள் இல்லையா, உடம்புக்கு இந்த விழிப்பு அப்படிப்பட்ட பரண் காவல். ராத்திரி முழுக்க அந்தக் காவல்காரர் கத்திக்கொண்டே இருந்தால் வீட்டில் யாருக்கும் தூக்கம் வராது, உண்மைதான். அதற்காக அவரை உறங்கவைத்துவிட்டால் விளைச்சல் என்னாகும்?

தூக்க மாத்திரை கைவைக்கிற இடமும் இதுதான். அல்பிரசோலம், லோராசிபாம், குளோனாசிபாம், டயாசிபாம், நைட்ராசிபாம் எல்லாம் ஒரே குடும்பம், பென்சோடயசிபைன் என்று பெயர். சோல்பிடெம், சோபிக்ளோன் வேறு வகை என்றாலும் வேலை செய்கிற இடம் ஒன்றுதான். மூளையில் காபா என்றொரு பொருள் நரம்புகளின் பரபரப்பை அடக்குகிறது. இந்த மாத்திரைகள் காபாவின் கையை வலுப்படுத்துகின்றன. பரபரப்பு அடங்கித் தூக்கம் வருகிறது. கூடவே மூன்று வேலை நடக்கலாம். தொண்டைத் தசை இன்னும் தளரலாம். கரியமில வாயு கூடினால் முகுளம் காட்டும் சுறுசுறுப்பு மங்கலாம். மூளை தன்னை எழுப்பிக்கொள்ள எடுக்கும் நேரம் நீளலாம். நான் அதிகம் கவலைப்படுவது மூன்றாவதைப் பற்றித்தான். 15 விநாடியில் முடிய வேண்டிய தடை 30 விநாடிக்கு இழுத்தால், ஆக்சிஜன் அதற்கேற்ப இன்னும் கீழே இறங்கும்.

இதைப் படித்ததும் மாத்திரை அட்டையைத் தூக்கி எறிய யாரும் ஓட வேண்டாம். அது ஏன் ஆபத்து என்று பின்னால் சொல்கிறேன். அதற்குமுன் நியாயமாக இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும்.

தூக்க மாத்திரை என்றதும் 'தூக்கத்திலேயே போய்விடுவார்கள்' என்று ஒரு பயம் பரவலாக இருக்கிறது. அதன் வேர் பழைய மருந்துகளில் இருக்கிறது. 1903-இல் ஜெர்மனியில் எமில் ஃபிஷரும் யோசப் ஃபான் மெரிங்கும் கொண்டுவந்த பார்பிட்டால் தொடங்கி, அரை நூற்றாண்டுக்கும் மேல் பார்பிட்யூரேட் வகைதான் உலகத்தின் தூக்க மருந்து. அளவு கூடினால் அந்த வகை காபாவின் உதவியே இல்லாமல் நரம்பை அடக்கிவிடும், முகுளமும் சேர்ந்து அடங்கிவிடும். தூங்கவைக்கும் அளவுக்கும் கொல்லும் அளவுக்கும் இடைவெளி குறைவு. 1962-இல் நடிகை மர்லின் மன்றோ இறந்தது இந்த வகை மருந்தால்தான். லியோ ஸ்டெர்ன்பாக் கண்டுபிடித்த முதல் பென்சோடயசிபைனான குளோர்டயசிபாக்சைடு 1960-இலும், டயாசிபாம் 1963-இலும் விற்பனைக்கு வந்தபோது மருத்துவர்கள் நிம்மதி அடைந்ததற்குக் காரணம் உண்டு. இவை காபா இருந்தால்தான் வேலை செய்யும், அதனால் அடக்குவதற்கு ஓர் எல்லை உண்டு. நுரையீரல் நன்றாக உள்ள ஒருவர் மருத்துவர் சொன்ன அளவில் இதை மட்டும் போட்டால் மூச்சு நின்றுவிடுவது மிக மிக அரிது.

மூச்சுத்தடை உள்ளவர்களிடம் நடந்த ஆய்வுகளும் நேர்க்கோட்டில் இல்லை. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் அமைப்பு 2015-இல் 14 ஆய்வுகளை, மொத்தம் 293 பேரை, சேர்த்துப் பார்த்தது. பரிசோதித்த மருந்துகள் மூச்சு நிற்கும் எண்ணிக்கையைக் கூட்டுவதாகத் தெரியவில்லை. சோபிக்ளோனுக்கு நெருங்கிய உறவான எஸோபிக்ளோன் போட்டவர்களுக்குக் கொஞ்சம் குறையக்கூடச் செய்தது. லேசான தடைக்கெல்லாம் பட்டென்று விழித்துவிடுகிற ஆட்கள் சிலர் உண்டு. அவர்களுக்குத் தூக்கம் கொஞ்சம் ஆழமானால் மூச்சு சீர்ப்படலாம். ஆனால் அதே ஆய்வில், சோல்பிடெமை வழக்கமான அளவைவிடக் கூட்டி 20 மில்லிகிராம் கொடுத்தபோதும், பென்சோடயசிபைன் குடும்பத்து டிரையசோலம் கொடுத்தபோதும் ராத்திரியில் ஆக்சிஜன் இறங்கும் ஆழம் கூடியது. குறைந்த பேர், குறைந்த நாட்கள் என்பதையும் மறந்துவிடக் கூடாது. 9 வருடமாகப் போட்டுக்கொண்டிருக்கிற 66 வயதுக்காரரின் நிலையை அந்த ஆய்வுகளை வைத்து அளக்க முடியாது என்பது என் எண்ணம்.

ஆகவே யாருக்கு ஆபத்து என்பதுதான் கேள்வி. அங்கேதான் நம் ஊர் வாழ்க்கை உள்ளே வருகிறது.

முதலில் பீடி. முக்கூடல், ஆலங்குளம், கடையம், மேலப்பாளையம் வட்டாரங்களில் திண்ணைக்குத் திண்ணை மடியில் சுளகை வைத்துப் பெண்கள் பீடி சுற்றுவதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். அந்தத் தூள் மூச்சோடு உள்ளே போகிறது. வீட்டு ஆண்கள் பீடி குடிக்கிறார்கள், விறகடுப்புப் புகையும் பல வருடம் சேர்ந்திருக்கிறது. வாழ்நாளில் பீடியை வாயில் வைக்காத பெண்களுக்கும் அடுப்புப் புகையால் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் வரும். 'இளைப்பு' என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். இந்த நோய் முற்றியவர்களின் உடம்பில் கரியமில வாயு ஏற்கெனவே தேங்கியிருக்கும். படி ஏறினால் இரைக்கிறவருக்கு ராத்திரித் தூக்கமும் சரியாக வராது என்பது இயல்பு. 'தூக்கம் வரல' என்று அவர் கேட்டு வாங்கும் மாத்திரை, ஏற்கெனவே மந்தமாக இருக்கும் முகுளத்தை மேலும் மந்தமாக்கும். காலையில் தலைவலியும் மந்தமுமாக எழுந்திருப்பது கரியமில வாயு தேங்கியதன் அடையாளமாக இருக்கலாம். பிள்ளைகள் அதை 'மாத்திரை மயக்கம்' என்று விட்டுவிடுவார்கள்.

அடுத்தது குடி. சாராயமும் காபாவின் வழியாகத்தான் வேலை செய்கிறது. அது தனியாகவே தொண்டைத் தசையைத் தளர்த்தும், குடித்த அன்று குறட்டை கூடுவதை எல்லா வீட்டுப் பெண்களும் அறிவார்கள். குடித்துவிட்டு மாத்திரையும் போடுவது ஒரே பக்கம் இரண்டு பேர் தள்ளுவது. மாத்திரை தனியாக இருக்கும்போது உள்ள அந்த எல்லை, குடி சேர்ந்தால் கிடையாது. உயிர் போகிற சம்பவங்களில் பெரும்பாலும் இப்படி ஒன்றோடொன்று சேர்ந்ததுதான் காரணமாக இருக்கும்.

மூன்றாவதை நாம் கவனிப்பதே இல்லை. வலி மாத்திரை. மூட்டு வலிக்கும் முதுகு வலிக்கும் கொடுக்கும் டிரமடால், டபென்டடால், இருமல் மருந்தில் வரும் கோடீன், புற்றுநோய்க்குக் கொடுக்கும் மார்ஃபீன் எல்லாம் அபினி வழி வந்தவை அல்லது அதைப்போல வேலை செய்பவை. இவை முகுளத்தின் மூச்சுக் கணக்கை நேரடியாகவே அடக்கும். இவற்றைப் பென்சோடயசிபைனோடு சேர்ப்பதைப் பற்றி அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2016-இல் மிகக் கடுமையான, கட்டம் கட்டிய எச்சரிக்கையை மருந்தோடு வரும் விளக்கத் தாளிலேயே அச்சிடச் சொன்னது. 2019 டிசம்பரில் அதே அமைப்பு இன்னொன்றைச் சொன்னது. சர்க்கரைக்காரர்களின் கால் எரிச்சலுக்குக் கொடுக்கிற பிரிகாபலின், காபாபென்டின் ஆகியவையும் வயதானவர்களுக்கும் நுரையீரல் நோய் உள்ளவர்களுக்கும் மூச்சைக் குறைக்கலாம் என்பது. நம் வீடுகளில் சர்க்கரை இல்லாத வீடு எது? ஒரு மருத்துவர் கால் எரிச்சலுக்கு ஒன்று, இன்னொருவர் முதுகுக்கு ஒன்று, மூன்றாமவர் தூக்கத்துக்கு ஒன்று. மூன்று சீட்டும் மூன்று பையில் கிடக்கும். மூன்று மருத்துவரில் ஒருவரும் மற்றதைப் பார்த்திருக்க மாட்டார். சளிக்கு என்று கடையில் கேட்டு வாங்கும் மயக்க மாத்திரையும் இந்தக் கணக்கில் சேரும்.

வயது இன்னொரு பக்கம். டயாசிபாமும் அதிலிருந்து உடம்பில் உண்டாகும் பொருளும் பல நாள் உள்ளேயே தங்கும். முதியவர்களின் ஈரலும் சிறுநீரகமும் மெதுவாக வேலை செய்வதால் நேற்றைய மாத்திரை முழுவதும் போகுமுன் இன்றைய மாத்திரை சேர்ந்துவிடும். ராத்திரி ஒன்றுக்கு எழுந்து போகையில் தள்ளாடி விழுந்து இடுப்பு எலும்பு முறிவதும் இதனால் நடக்கிறது. சோல்பிடெம் இரண்டு மூன்று மணி நேரத்தில் பாதியாகக் குறைந்துவிடும் மருந்து. அதற்கும் 2013-இல் பெண்களுக்கான தொடக்க அளவை 10 மில்லிகிராமிலிருந்து 5 ஆக அமெரிக்காவில் குறைத்தார்கள், காலையிலும் மயக்கம் மிஞ்சுகிறது என்பதால்.

இனி எனக்கு இதில் மனம் பொறுக்காத இடத்துக்கு வருகிறேன். பெரியப்பா மாத்திரை தொடங்கியது எதற்காக? "ரெண்டு மணிக்கு முழிப்பு வந்திருதுடே, அப்புறம் கண்ணு மூட மாட்டேங்கு" என்பதற்காக. ஏன் இரண்டு மணிக்கு விழிப்பு வருகிறது என்று அன்று யாரும் கேட்கவில்லை. மூச்சு அடைபட்டு மூளை எழுப்புகிற விழிப்பும் தூக்கமின்மையாகத்தான் வெளியே தெரியும். கிறிஸ்டியன் கில்லெமினோ என்ற மருத்துவர் தன் சகாக்களோடு 1973-இலேயே இதை எழுதிவிட்டார்: தூக்கம் வரவில்லை என்று வந்தவர்களுக்கு உண்மையில் மூச்சு நின்றுகொண்டிருந்தது. 50 வருடம் ஆகிவிட்டது. இன்னும் நம் ஊரில் 'தூக்கம் வரல' என்றால் பதில் மாத்திரையாகத்தான் இருக்கிறது. கூடப் படுப்பவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். குறட்டை இருக்கிறதா, நடுவில் நிற்கிறதா, திணறி எழுகிறாரா என்று பெரியம்மாவைக் கேட்டிருந்தால் அன்றே தெரிந்திருக்கும். "ராத்திரி நடுவுல பொசுக்குனு நின்னுரும், நான் தோளைப் பிடிச்சு உலுக்குவேன்" என்று அவர் பின்னாளில் சொன்னார். பல வருடமாக உலுக்கிக்கொண்டிருந்திருக்கிறார். யாரும் கேட்காததால் சொல்லவும் இல்லை.

வேறு அடையாளங்களும் உண்டு. ராத்திரி மூன்று நான்கு தடவை சிறுநீருக்கு எழுந்திருப்பது, காலையில் வாய் வறண்டு தலை வலிப்பது, பகலில் பஸ்ஸில் உட்கார்ந்தவுடன் தூங்கிவிடுவது, மாத்திரை மேல் மாத்திரை போட்டும் ரத்த அழுத்தம் இறங்காதது. சிறுநீருக்கு எழுந்திருப்பதைச் சர்க்கரை என்றோ வயது என்றோ தள்ளிவிடுகிறோம். மூச்சு அடைபடும்போது இதயம் இழுபட்டு, நீரை வெளியேற்றச் சொல்லும் ஒரு சுரப்பு கூடுவதாலும் அது வரும்.

சட்டம் சும்மா இல்லை. அல்பிரசோலம், டயாசிபாம், நைட்ராசிபாம், சோல்பிடெம் எல்லாம் 2013-இல் அறிவிக்கப்பட்ட எச்-1 பட்டியலில் இருக்கின்றன. சீட்டு இல்லாமல் கொடுக்கக் கூடாது. சீட்டு எழுதியவர் பெயர், வாங்கியவர் பெயர், அளவு எல்லாவற்றையும் கடைக்காரர் தனிப் பதிவேட்டில் எழுதி 3 வருடம் வைத்திருக்க வேண்டும். ஆனால் பெரியப்பாவிடம் இருந்தது 9 வருடத்துக்கு முந்தைய ஒரே சீட்டு, மடித்து மடித்து நாலு துண்டாகியிருந்தது. அதையும் கடைசி சில வருடம் யாரும் கேட்கவில்லை. "அண்ணாச்சி, வழக்கமானதுதானே?" என்று அட்டை கைக்கு வந்துவிடும். பழக்கமும் மரியாதையும் இங்கே உயிருக்கு எதிராக வேலை செய்கின்றன. மெடிக்கல் வைத்திருக்கும் தம்பிமார்கள் இதை யோசிக்க வேண்டும்.

சரி, பல வருடமாகப் போடுகிறவர் என்ன செய்வது? நாளைக்கே நிறுத்தக் கூடாது. காபாவுக்குக் கைத்தாங்கல் கொடுத்துப் பழக்கிவிட்டுச் சட்டென்று கையை எடுத்தால் நரம்புகள் கொதித்தெழும். தூக்கம் முழுவதும் போகும், கை நடுங்கும், சிலருக்கு வலிப்பு வரும். வலிப்பு உயிரையே பறிக்கலாம். மருத்துவர் மேற்பார்வையில் வாரக்கணக்கில், தேவைப்பட்டால் மாதக்கணக்கில், கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும். அதற்கிடையில் மூச்சைப் பரிசோதிக்க வேண்டும். ஒரு ராத்திரி முழுக்க மூக்கில் காற்றோட்டத்தையும் விரலில் ஆக்சிஜனையும் நெஞ்சசைவையும் பதிவு செய்கிற தூக்கப் பரிசோதனை இருக்கிறது, வீட்டிலேயே செய்கிற கருவியும் உண்டு. தொடக்கத்துக்கு, நுரையீரல் மருத்துவரிடமோ காது மூக்கு தொண்டை மருத்துவரிடமோ போகலாம். போகும்போது வீட்டில் உள்ள எல்லா மாத்திரை அட்டையையும், இருமல் மருந்து பாட்டில் உட்பட, ஒரே பையில் போட்டு எடுத்துப் போங்கள். முடிந்தால் ராத்திரியில் எடுத்த இரண்டு நிமிட வீடியோ ஒன்றும். நான் மாடியில் எண்ணிய எண்களைவிட, அதற்கடுத்த வாரம் பெரியம்மா எடுத்த வீடியோதான் மருத்துவரை உடனே நிமிர்ந்து உட்காரவைத்தது.

மாத்திரை போட்டவரை உலுக்கியும் எழுப்ப முடியவில்லை, மூச்சு மிக மெதுவாக இருக்கிறது, உதடு நீலம் பாய்ந்திருக்கிறது என்றால் தூக்கம் என்று விட்டுவிடாதீர்கள். 108-ஐக் கூப்பிடுங்கள். மூச்சு இருந்தால், வண்டி வரும்வரை ஒருக்களித்துப் படுக்கவையுங்கள்.

தூக்கமின்மைக்கு மாத்திரைக்கு முன்பாகவே செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. படுக்கும் நேரத்தையும் படுக்கையோடு உள்ள பழக்கத்தையும் மாற்றி அமைக்கும் பயிற்சி அது. நாள்பட்ட தூக்கமின்மைக்கு முதல் வைத்தியமாக அதைத்தான் கொடுக்க வேண்டும் என்று அமெரிக்க மருத்துவர் கல்லூரி என்ற மருத்துவர் சங்கம் 2016-இல் பரிந்துரைத்தது. தூக்கம் வராமல் பாயில் புரளாதே, எழுந்து உட்கார், தூக்கம் வந்ததும் படு, எப்போது தூங்கினாலும் காலையில் ஒரே நேரத்தில் எழு, பகல் தூக்கத்தைக் குறை என்று அதன் அடிப்படை எளிதுதான். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பின் இரண்டு மணி நேரம் கட்டையைச் சாய்க்கிற நம் பெரியவர்களுக்கு அதில் கடினமானது கடைசி விதி. பெரியப்பாவும் அதில்தான் சண்டை பிடித்தார்.

அவருக்குப் பரிசோதனையில் வந்த எண் மணிக்கு 38. மூக்கில் கவசம் மாட்டிக் காற்றழுத்தத்தால் தொண்டையைத் திறந்து வைத்திருக்கும் சிபேப் கருவி கொடுத்தார்கள். ஆஸ்திரேலியாவில் காலின் சல்லிவன் உருவாக்கி 1981-இல் வெளியிட்ட முறை அது. முதல் இரண்டு வாரம் "யானைத் தும்பிக்கை மாதிரி இருக்கு" என்று கழற்றி எறிந்தார். அப்புறம் பழகிக்கொண்டார். அரை மாத்திரை கால் மாத்திரையாகி, ஒருநாள் விட்டு ஒருநாளாகி, நிற்பதற்கு ஐந்து மாதம் ஆனது.

போன மாதம் போயிருந்தேன். ராத்திரி அவர் அறையில் கருவியின் மெல்லிய இரைச்சல் தவிர ஒன்றும் கேட்கவில்லை. பெரியம்மா கதவைத் திறந்து உள்ளே போய்விட்டு வந்தார். "சத்தமே இல்லாம கெடக்காவளா, எனக்குத்தான் இப்போ முழிப்பு வந்திருது. நெஞ்சுல கையை வச்சுப் பாத்துட்டு வந்து படுப்பேன்" என்றார்.